கட்சி மாறினால் பதவி போகுமா, வக்கீலம்மா?

வக்கீல் தொழிலில் ஒரு விசித்திரம்: ஆசைப்பட்டுப் படித்த சட்டத்தில் வழக்கு வராது, சந்தேகம் மட்டும் வரும்.

மேற்படிப்பில் நான் எடுத்தது அரசியலமைப்புச் சட்டம். அதிலும் பத்தாவது அட்டவணை, அதாவது கட்சி தாவும் எம்.எல்.ஏ., எம்.பி.க்களின் பதவியைப் பறிக்கும் பகுதி, என் செல்லப் பாடம். தேனியை ஒட்டிய அல்லிநகரத்தில் ஆபீஸ் போட்டுப் பதினாறு வருஷமாகப் பார்த்ததெல்லாம் பாகப்பிரிவினையும் பாதைத் தகராறும்தான். ஆனால் டி.வி.யில் எவராவது கட்சி மாறிவிட்டால் போதும், வந்திருப்பவர்களுக்கு அவரவர் வழக்கு மறந்துபோகும். ஒரு சின்னத்துக்கு ஓட்டுப் போட்டுவிட்டு, ஜெயித்த ஆளை வேறு சின்னத்தின் மேடையில் பார்த்து விழித்தவர்களா நீங்கள்? அப்படியானால் நாமெல்லாம் ஒரே பட்டியல்தான். வாருங்கள்.

தீர்ப்புச் சொல்வது யார்?

காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர் முத்தையா. தோட்டத்துக்குப் போகும் பாதையைப் பக்கத்துத் தோட்டக்காரர் அடைத்துவிட்டார் என்று உத்தமபாளையம் கோர்ட்டில் வழக்கு. வாய்தா விவரம் கேட்க வந்தவர், எங்கோ ஒரு மாநிலத்தில் எம்.எல்.ஏ. கட்சி மாறிய செய்தியைச் செல்போனில் பார்த்துவிட்டார்.

“கட்சி மாறுனா பதவி போயிருமாம்ல தாயி? யாரு பறிப்பாக?”

“சபாநாயகர்தான் முடிவு பண்ணணும் ஐயா.”

“அவரு எந்தக் கட்சி?”

“பெரும்பாலும் ஆளுங்கட்சிதான்.”

“இந்தாளு எங்கன தாவியிருக்காரு?”

“இவரும் ஆளுங்கட்சிக்குத்தான்.”

நான் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். படித்த படிப்பு விடவில்லை. இத்தனை நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று அட்டவணையில் கெடு எதுவும் இல்லை, ஆனால் காலம் கடத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது என்றெல்லாம் விளக்கினேன். முத்தையா பொறுமையாகக் கேட்டுவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். “அப்ப நம்ம பாதை வழக்கையும் பக்கத்துத் தோட்டக்காரன் மச்சினன்கிட்டயே விட்டுருங்க தாயி, நாம நிம்மதியா வீட்டுக்குப் போகலாம்.”

மூன்றில் இரண்டு

தேனி கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஜெபராஜ் ஒரு வியாபாரிகள் சங்கத்துக்குச் செயலாளர். கமிட்டியில் மொத்தம் பன்னிரண்டு பேர். அதில் நாலு பேர் போட்டிச் சங்கத்துக்குப் போய்விட்டார்கள். அவர்களைப் பத்தாவது அட்டவணைப்படி தகுதி நீக்கம் செய்து நோட்டீஸ் எழுதித் தர வேண்டும் என்று வந்து நின்றார். அது சட்டசபைக்கும் நாடாளுமன்றத்துக்கும் உள்ள சட்டம், சங்கத்துக்கு அதன் சொந்த விதிகளான பைலாதான் என்றேன். ஆறுதல் அடையவில்லை. “சட்டசபையா இருந்தா இவனுக கதி என்ன மேடம்?” என்றார். பதவி போயிருக்கும், ஆனால் ஒரு கட்சி இன்னொன்றோடு இணைந்து, சபையில் இருக்கும் அதன் உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் அதை ஒப்புக்கொண்டால் தப்பிக்கலாம் என்று சொன்னேன். கையிலிருந்த பில்லின் பின்பக்கம் ஏதோ கணக்குப் போட்டபடியே போனார்.

இரண்டு வாரம் கழித்துப் போட்டிச் சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு என்னை அழைத்திருந்தார்கள். போனால், மேடையில் மாலையோடு ஜெபராஜ்! பக்கத்தில் அவர் கூட்டி வந்த இன்னும் மூன்று பேர். என்னைப் பார்த்ததும் இறங்கி வந்து கும்பிட்டார். “நாலு பேரு போனா தாவல் மேடம், எட்டுப் பேரா வந்தா இணைப்பு. நீங்க சொன்ன சட்டத்தை நான் மீறவே இல்ல.”

கையைத் தூக்கிய செல்வராணி

இது சிரித்துக்கொண்டே கேட்ட சந்தேகம் இல்லை. சின்னமனூர்ப் பக்கம் ஒரு பேரூராட்சியில் செல்வராணி கவுன்சிலர். வீட்டில் தையல் மிஷின் வைத்துப் பிழைக்கிறவர். அவர் வார்டில் மேட்டுத் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் கிடையாது. இரண்டு வருஷம் மனுக் கொடுத்துக் கொடுத்து, குழாய் பதிக்கும் தீர்மானம் ஒருவழியாகக் கூட்டத்துக்கு வந்துவிட்டது. ஆனால் பேரூராட்சித் தலைவர் எதிர்க்கட்சிக்காரர். அவர் கொண்டுவரும் எதையும் ஆதரிக்கக் கூடாது என்பது செல்வராணி கட்சியின் உத்தரவு. “மீறிக் கையைத் தூக்குனா கட்சித் தாவல் சட்டத்துல பதவி போயிரும்னு சொல்லுறாகக்கா” என்றபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

புத்தகத்தை எடுத்துப் பிரித்து அவர் முன்னால் வைத்தேன். “இந்தச் சட்டம் எம்.எல்.ஏ.வுக்கும் எம்.பி.க்கும்தான்மா. நம்ம பேரூராட்சி கவுன்சிலருக்குப் பொருந்தாது. பதவி போகாது. ஆனா கட்சி உன்னை வெளியே அனுப்பலாம், அதை என்னால தடுக்க முடியாது.” செல்வராணி புத்தகத்தை மூடி என் பக்கம் நகர்த்தினார். பிறகு மெல்லச் சொன்னார், அவர் கணவர் பாண்டிதான் அந்தக் கட்சியின் வார்டு செயலாளராம். அதற்கு என் புத்தகத்தில் பக்கம் இல்லை. கூட்டத்தன்று கோர்ட்டில் எனக்கு வேலையே ஓடவில்லை. மத்தியானம் போன் வந்தது. “தூக்கிட்டேன்க்கா.” ஒரே ஓட்டில் தீர்மானம் நிறைவேறியிருந்தது. சாயங்காலமே கட்சியிலிருந்து நீக்கிக் கடிதம் வந்துவிட்டது, கட்சியினர் எவரும் இவருடன் எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ளக் கூடாது என்ற வழக்கமான வாசகத்தோடு.

சில மாதம் கழித்து அந்தப் பக்கம் போனபோது மேட்டுத் தெருவுக்கே நேரில் போனேன். நாலைந்து வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாராம் பாண்டி. குழாய்க்குப் பள்ளம் தோண்டிய அன்றைக்குத்தான் வாயைத் திறந்தாராம், அதுவும் தோண்டுகிறவர்களுக்கு டீ போடச் சொல்லி. நான் போகும்போது வாசல் குழாயில் குடத்தை வைத்துவிட்டு, பக்கத்தில் கரைவேட்டியோடு நின்றிருந்தார். கட்சி என்ன சொல்கிறது என்று கேட்டேன். நிரம்பிய குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். “இவகூடப் பேசக் கூடாதுன்னுதான் மேடம் கட்சியில உத்தரவு, தண்ணி பிடிச்சுத் தரக் கூடாதுன்னு அதுல எழுதல.”

மறுபடியும் அதே ஆள்

கோர்ட் கேன்டீன் நடத்தும் ஹனிபா அண்ணனுக்கு ஒரே ஒரு கேள்விதான். பதவி போனவர் இடைத்தேர்தலில் திரும்பவும் நிற்கலாமா? நிற்கலாம், ஜெயித்தால் மறுபடி எம்.எல்.ஏ.தான் என்றேன். டீயை ஆற்றுவதை நிறுத்திவிட்டு யோசித்தார். “காப்பியடிச்சவனை வெளிய அனுப்பிட்டு, அடுத்த பரீட்சைக்கு வாடான்னும் சொல்லுறாக. போகட்டும், பேப்பர் திருத்துறது நாமதானம்மா!”

ஆக, கட்சி விட்டுக் கட்சி தாவுகிறவர்களைப் பற்றி அத்தனையும் படித்துவிட்டு, பெரிய கோர்ட் இருக்கும் மதுரைக்குக்கூடத் தாவத் தோன்றாமல் நான் மட்டும் அல்லிநகரத்திலேயே சௌக்கியமாக உட்கார்ந்திருக்கிறேன்.