பேட்டரிக்கு அடியில் பச்சை எழுத்து

டோரதி அக்கா கை வைத்த போனை அடையாளம் காண்பது எளிது. பேட்டரியைக் கழற்றினால் அடியில் சுண்டுவிரல் நகமளவு ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அதில் பச்சை மையில் 'டோ' என்று எழுதி, கீழே தேதி போட்டிருப்பார். வேலூர் லாங் பஜாரில் அவர் வேலை பார்த்த செல்போன் கடைக்குப் பெண்கள் தேடி வந்தது அந்தச் சீட்டை நம்பித்தான். நர்ஸுகள், டீச்சர்கள், எங்களைப் போல ஷூ கம்பெனியில் தைக்கிறவர்கள் எல்லாரும் வந்தார்கள். போனுக்குள் படம் இருக்கும், யாருக்கோ அனுப்பிய மெசேஜ் இருக்கும். அதை முகம் தெரியாத ஆணிடம் கொடுத்துவிட்டு வெளியே நிற்பது லேசான காரியம் இல்லை.

அக்காவின் அப்பா ஆஸ்பத்திரியில் லிஃப்ட் இயக்கியவர். அவர் இறந்ததும், 1994இல், பத்தொன்பது வயதில் அக்கா தேவானந்தத்தின் எஸ்.டி.டி. பூத்தில் வேலைக்குச் சேர்ந்தார். தேவானந்தம் அவர்கள் சபையில் மூப்பர். பூத்தின் கண்ணாடிக் கதவு சரியாக மூடாது. துபாயில் இருக்கும் புருஷனிடம் அழுகிறவள், தோல் ஏஜெண்டிடம் பொய் சொல்கிறவன் என்று எல்லாம் அக்காவின் காதில் விழும். ஒன்றும் அவர் வாயிலிருந்து வெளியே வந்ததில்லை. செல்போன் வந்து பூத் படுத்தபோது, அதைச் செல்போன் கடையாக மாற்றிய தேவானந்தம்தான் அக்காவைச் சென்னைக்கு அனுப்பி மூன்று மாதம் ரிப்பேர் படிக்க வைத்தார். ஒரு பெண்ணுக்கு ஸ்குரூ டிரைவர் எதற்கு என்று சபையில் பேசியவர்களுக்கு அவரே பதில் சொன்னார். அக்கா அதை மறக்கவே இல்லை. 'அண்ணே' என்று கூப்பிடும்போது அந்தக் குரலில் நன்றி தெரியும்.

எந்தப் போன் வந்தாலும் அக்கா முதலில் அணைத்துவிட்டு மறுபடி ஆன் செய்வார். பிறகு உதடு மட்டும் அசைய எண்ணிக்கொண்டே இருப்பார். திரையில் கம்பெனிப் பெயர் வந்து, இசை வந்து, சிக்னல் நிற்கும்வரை எண்ணுவார். அந்த எண்ணை, போனின் சொந்தக்காரி பெயருக்கு நேராக ஒரு நீள நோட்டில் எழுதி வைப்பார். 'எழுப்பிப் பார்க்கிறேன்' என்பது அவர் பேச்சு.

ஏன் எண்ணுகிறீர்கள் என்று ஒரு சனிக்கிழமை கேட்டேன். எங்கள் கம்பெனி கேட்டையே உதாரணமாக வைத்துச் சொன்னார். போன் விழிக்கும்போது உள்ளே முப்பது நாற்பது வேலையாட்கள் ஒவ்வொருவராக எழுந்து வருகிறார்கள். ஒருவன் சிக்னல் பிடிக்கிறவன், ஒருவன் மெசேஜ் பிரிக்கிறவன், ஒருவன் மணி பார்க்கிறவன். அவர்கள் வருவதற்கு முன்னாலேயே வாட்ச்மேன் பட்டியலோடு கேட்டில் நிற்க வேண்டும். யார் உள்ளே வரலாம், வந்தவன் எந்தப் பிரிவைத் தாண்டக் கூடாது என்பதெல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கும். கட்டிங் ஆள் ஸ்டோர்ஸுக்குள் போகக் கூடாது. மணி பார்க்கிறவன் மெசேஜைத் தொடக் கூடாது. வாட்ச்மேன் நிற்கும் முன்பே ஒருவன் புகுந்துவிட்டால், அன்று முழுக்க அவன் எங்கே போனான், எதை எடுத்தான் என்று கேட்க ஆள் கிடையாது. ஒரே மாடல் போன்கள் ஏறக்குறைய ஒரே எண்ணில் விழிக்கும், கூடுதலாக ஒருவன் புகுந்திருந்தால் எண் கூடிவிடும்.

சிலர் தமிழ் பைபிளோ குர்ஆனோ ஏதோ ஒரு விளையாட்டோ போனில் ஏற்றித் தரச் சொல்வார்கள். போனைச் செய்த கம்பெனி அனுமதிக்காததைப் போன் உள்ளே விடாது. அப்போது அக்கா வாட்ச்மேனைச் சற்று நகர்த்திவிட்டு ஏற்றுவார். பிறகு அரை மணி நேரம் உட்கார்ந்து அவனைப் பழைய இடத்தில் நிறுத்துவார். மற்ற கடைகளில் இந்த இரண்டாவது வேலையைச் செய்ய மாட்டார்கள்.

"கேட்டத் தொறக்கறது எல்லாருக்கும் தெரியும் பட்டு. பூட்டிட்டு வந்தியான்னுதான் கேக்கணும்" என்று என்னிடம் சொல்வார்.

பூட்டிய பிறகுதான் பச்சை மை.

என்னிடம் போன் வந்தது 2008இல். மாதனூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறவளுக்கு ஒரு போன் இருக்கட்டும் என்று என் அண்ணன் ரத்தினசாமி செகண்ட் ஹேண்டில் ஒன்று வாங்கித் தந்தார். தேவானந்தம் கடையிலேயே வாங்கினார். பேட்டரியைக் கழற்றிப் பார்த்தேன், 'டோ' இருந்தது. மனசு நிறைந்தது.

நான் எட்டாவதோடு நின்றவள். அந்த வருடம் தனியாகப் பத்தாவது எழுதிவிடலாம் என்று அக்காதான் ஆசை காட்டினார். விண்ணப்பத்தை அவரே நிரப்பினார். ஹால் டிக்கெட் அவர் வீட்டு முகவரிக்குத் தபாலில் வந்தது. அதை வாங்கி வந்து, அரிசி டப்பாவின் அடியில் வைத்துவிட்டு, 'அரிசி டப்பாவுக்குள் பத்திரம்' என்று அவருக்கு ஒரு மெசேஜ் அனுப்பினேன். உலகத்தில் வேறு யாருக்கும் சொல்லவில்லை.

மறுநாள் அண்ணன் சாப்பிட உட்காருவதற்கு முன் நேராக அரிசி டப்பாவிடம் போனார். தேடவில்லை. முழங்கை வரை கையை விட்டு எடுத்தார். ஸ்டவ்வைப் பற்ற வைத்து அதில் காட்டினார்.

"முப்பத்தோரு வயசுல சின்னப் பசங்களோட ஒக்காந்து பரீட்சையா? ஞாயித்துக்கிழம ஓவர்டைம யாரு பாக்கறது?" என்றார். யார் சொன்னார்கள் என்று நான் கேட்டதற்கு, "நீ நம்புற ஆளுங்கதான்" என்று சிரித்தார்.

நான் நம்பிய ஆள் ஒருவர்தான். அன்றிலிருந்து அக்காவின் அழைப்பை எடுக்கவில்லை. பூத்தில் அத்தனை பேர் ரகசியத்தைக் காத்தவர் என்னுடையதை மட்டும் விட்டுவிட்டாரே, நான் அவ்வளவு லேசா என்று தையல் மெஷினில் குனிந்தபடி ஐந்து வாரம் வெந்தேன்.

ஆறாவது வாரம் போன் சார்ஜ் ஏற மறுத்தது. வீட்டுக்குப் பக்கத்தில் ஆம்பூரிலேயே பார்த்திருக்கலாம். ஆனாலும் கால் லாங் பஜாருக்குத்தான் போனது. முன்னால் இருந்த தேவானந்தத்திடம் கொடுத்துவிட்டு, அக்கா உட்காரும் தடுப்புக்குப் பின்னால் எட்டிக்கூடப் பார்க்காமல் திரும்பிவிட்டேன். அடுத்த சனிக்கிழமை மதியம் வாங்கப் போனபோது அவர் சாப்பிடப் போயிருந்தார். உள்ளேயிருந்து அக்கா கூப்பிட்டார்.

போனை என் கையில் வைத்து, "எண்ணு" என்றார்.

"எனக்கு பஸ்ஸுக்கு டைம் ஆவுது."

"எண்ணு பட்டு."

எண்ணினேன். சிக்னல் நின்றபோது நாற்பத்தொன்று ஆகியிருந்தது. அக்கா நீள நோட்டில் என் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். முதல்முறை சீட்டு ஒட்டிய தேதிக்கு நேராக முப்பத்திரண்டு என்று இருந்தது.

"நடுவுல ஒருத்தன் எழுந்து வர்றான். கடிகாரம்னு பேர் வச்சிருக்கான். உனக்கு வர்றது, நீ அனுப்பறது எல்லாத்தையும் இன்னொரு நம்பருக்குத் தள்ளி விடறான். அது யார் நம்பர்னு பாரு."

பார்த்தேன். எனக்கு மனப்பாடமான நம்பர். வீட்டில் ஆபத்து என்றால் கூப்பிடு என்று அண்ணன் எனக்கு முதலில் சொல்லித்தந்த அவருடைய நம்பர்.

அந்த வாரம் முழுக்க அக்கா ஏதேதோ சாக்குச் சொல்லிப் பதினொரு பெண்களை வரவழைத்து அவர்கள் போன்களை எழுப்பிப் பார்த்திருக்கிறார். என்னுடையதையும் சேர்த்து ஏழு போன்கள் நோட்டில் இருந்ததைவிடத் தாமதமாக விழித்தன. ஏழிலும் வாட்ச்மேன் இல்லை. ஏழிலும் பச்சைச் சீட்டு ஓரம் கிழியாமல் ஒட்டியிருந்தது. அக்கா ஆறு மணிக்குக் கிளம்பிய பிறகு, அவர் பூட்டியதைத் திறந்து, ஆளை உள்ளே விட்டு, சீட்டை மட்டும் அப்படியே விட்டிருக்கிறார்கள். கடைச் சாவி இரண்டு பேரிடம்தான் உண்டு.

தேவானந்தம் வந்தார். ஏப்பம் விட்டபடி தடுப்புக்குள் தலையை நீட்டியவர், மேசையில் விரிந்திருந்த நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மறுப்பார் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நல்லதுக்குத்தான் பண்ணேன் டோரதி. அண்ணன் வந்து கேக்கறான், புருஷன் வந்து கேக்கறான். ஊர் பேர் தெரியாதவனுக்கா குடுத்தேன்? காலம் கெட்டுக் கெடக்கு. அவங்க வீட்டுப் பொண்ண அவங்க பாத்துக்கறாங்க."

அக்கா மெதுவாகத்தான் பேசினார். "பதினாலு வருஷம் அண்ணே. அந்த பூத்துல கேட்டத உங்ககிட்ட கூட ஒரு வார்த்த சொன்னதில்ல."

"உன்ன இன்னா சொன்னேன் இப்ப? நீ உன் வேலய பாரு."

"மத்த ஆறு பேருக்கும் சொல்லணும்."

"சொல்லு" என்றார் தேவானந்தம். கோபமே இல்லை. "போய்ச் சொல்லு. சீட்டு யாரோடதுன்னு கேப்பாங்க."

அக்கா எழுந்தார். என் போனில் இருந்த கடிகாரக்காரனை என் கண் முன்னால் அகற்றி, வாட்ச்மேனை நிறுத்தினார். அரை மணி நேரம் ஆனது. தேவானந்தம் முன்னால் போய் ஒரு வாடிக்கையாளருக்கு ரீசார்ஜ் போட்டுக்கொண்டிருந்தார். வேலை முடிந்ததும் அக்கா நீள நோட்டை மட்டும் பைக்குள் வைத்துக்கொண்டார். பச்சைப் பேனா, வெட்டி வைத்த சீட்டுக் கட்டு, கருவிகள் எல்லாம் மேசையிலேயே கிடந்தன.

தெருவில் கைவண்டிகளுக்கு இடையே நடந்தோம். அக்காதான் பேசினார்.

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல பட்டு? திட்டியாவது இருக்கலாம்."

தேவானந்தத்தின் மேல் எனக்கு இருந்த கோபம் அந்த இடத்தில் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டது. அவர் அக்காவின் சீட்டைத்தான் திருடினார். அக்கா இப்படிச் செய்வாரா என்று ஒரு நிமிடம் நின்று யோசிக்காதவள் நான்.

அடுத்த வாரத்தில் அக்கா ஆறு பெண்களின் வீட்டு வாசலிலும் நின்றார். ஒவ்வொருவர் கையிலும் போனைக் கொடுத்து எண்ணச் சொன்னார். இரண்டு வீடுகளுக்கு நானும் போனேன். ஜெனிஃபா என்ற நர்ஸ் தனக்குப் பிடித்தவரைப் பற்றித் தோழிக்கு அனுப்பியது வீட்டுக்குத் தெரிந்துபோய், அவசரமாக வேறு இடத்தில் நிச்சயம் முடிந்திருந்தது. அக்கா சொன்னதையெல்லாம் அவள் நிதானமாகக் கேட்டாள். பேட்டரியைக் கழற்றிச் சீட்டைக் காட்டினாள்.

"இது உங்க எழுத்துதானே அக்கா?"

"என் எழுத்துதாம்மா."

"அப்போ போங்க."

ஆறு பேரில் இரண்டு பேர் நம்பினார்கள். தேவானந்தம் ஞாயிற்றுக்கிழமைகளில் வழக்கம்போல முன்னால் நின்று வேதபாடம் வாசித்தார். சீட்டுக்காரிதான் காட்டிக்கொடுத்தாள் என்ற பேச்சு சபைக்குள்ளும் வந்தது. அக்கா கடைசி வரிசையில் போய் உட்கார ஆரம்பித்தார்.

என் அண்ணனிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. என் மெசேஜ்கள் வருவது நின்றதை அவர் கவனித்திருப்பார். அவரும் கேட்கவில்லை. அடுத்த முறை ஹால் டிக்கெட் வந்தபோது அதை அக்கா வீட்டிலேயே விட்டுவைத்தேன். பரீட்சை நாளில் அங்கிருந்து எடுத்துப் போனேன்.

அக்கா இப்போது வீட்டு ஜன்னலோரம் ஒரு மேசை போட்டு வேலை பார்க்கிறார். வருகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். சீட்டு ஒட்டுவதை விட்டுவிட்டார்.

ஒரு வருடம் கழித்து, கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரும் அம்பிகா புதிதாக வாங்கிய செகண்ட் ஹேண்ட் போனைக் காட்டினாள். லாங் பஜாரில் வாங்கியதாம். புருஷன் வாங்கித் தந்ததாம். பெண் பிள்ளைகள் பயப்பட வேண்டாம், இது டோரதி அக்கா பார்த்துக் கொடுத்த போன் என்று கடையில் சொன்னார்களாம். பேட்டரியைக் கழற்றினாள். பச்சை மையில் 'டோ' இருந்தது. கீழே போன மாதத் தேதி.

அந்தச் சனிக்கிழமை அவளை அக்கா வீட்டுக்கு அழைத்துப் போனேன். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சீட்டை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"என் கைய விட அழகா எழுதியிருக்காரு" என்றார்.

பிறகு நகத்தால் அதைச் சுரண்டினார். நன்றாக ஒட்டியிருந்ததால் துணுக்குத் துணுக்காகத்தான் வந்தது. கடைசித் துணுக்கு வந்ததும் பேட்டரியைப் போட்டு, போனை அம்பிகாவின் கையில் வைத்தார்.

"என்ன நம்ப வேணாம்மா. நீயே எண்ணு."