வால்வை மூடுகிற கை

இந்தக் காலத்துச் சனத்திடம் எதைச் சொன்னாலும் முதல் கேள்வி ஒன்றுதான். "வீடியோ இருக்கோ அங்கிள்?" வெங்காயத்தை வெட்டிக் காலுறைக்குள் வைத்துப் படுத்தால் சளி போகும் என்று வாட்ஸப்பில் எவனோ அனுப்பினால் அப்படியே நம்புவார்கள். எழுபத்திரண்டு வயது மனிதன் தன் கண்ணால் கண்டதைச் சொன்னால் மட்டும் ஆதாரம் வேண்டும்.

வீடியோ இல்லை. ஆனால் நடந்தது. 2023, யூலை பன்னிரண்டு, புதன்கிழமை. பின்னேரம் ஐந்து பத்திலிருந்து ஆறு மணிக்குள். மெல்பேர்னில், ரோவிலில், எங்கள் வீட்டில். ஒரு சொல் கூட்டவில்லை. எனக்குப் பேயில் நம்பிக்கை கிடையாது. இதை எழுதி முடிக்கிறபோதும் இருக்காது. அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் சுப்பையா. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, நானும் அதை விட்டேன். இந்த நாட்டுக்கு வந்து பதினாலு வருடம் பிஸ்கட் தொழிற்சாலையில் மெஷின் கழுவினேன். வீட்டில் மகன் பிரஷாந்தன், மருமகள் பார்கவி, எட்டு மாதப் பேத்தி அக்ஷரா, நான்.

அந்த வருடம் குளிர்காலம் முழுக்க மழை. பிள்ளைக்கு வாங்கின நாப்பி ஒத்துக்கொள்ளாது, தோல் சிவந்துவிடும். துணிதான் கட்ட வேண்டும். துணி காயாது. கதிரை முதுகெல்லாம் ஈரத் துணி. நான்தான் போய் ஒரு பழைய ட்ரையர் வாங்கி வந்தேன். காஸில் ஓடுவது. கிரான்பர்னில் விக்னராஜா என்று ஒரு பெடியன் மலிவாக விற்றான். மெஷினை முன்னமே வாசலில் இறக்கி வைத்திருந்தான். வீட்டுக்குள் கூப்பிடவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. காஸ் குழாய், அதன் நுனியில் இருந்த பித்தளை வால்வு, எல்லாவற்றையும் சேர்த்துத் தந்தான்.

"ஒவ்வொரு தரமும் பஞ்சைத் தட்டுங்கோ அங்கிள். வெளிக் குழாயையும் பாருங்கோ. மறக்காதேங்கோ."

மெஷின் கழுவியே கிழவனானவனுக்குப் பாடம் சொல்ல வந்துவிட்டான் என்று நினைத்தேன்.

அந்த மெஷினில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. உருளை சுற்றும். அடியில் நெருப்பு எரியும். காற்றாடி அந்தச் சூட்டை உடுப்புக்குள்ளால் இழுத்து, கைத் தடிப்பில் இருக்கிற ஒரு குழாயால் சுவருக்கு வெளியே தள்ளும். இடையில் ஒரு வலை, பஞ்சு பிடிக்க. அதை ஒவ்வொரு முறையும் தட்டினேன். எந்தக் குறையும் வைக்கவில்லை.

ஒன்றைத் தவிர.

அவ்வளவு சூட்டையும் வெளியே மழைக்குள் விட எனக்கு மனம் வரவில்லை. வீட்டுக்குள் எல்லாரும் நடுங்குகிறோம், மெஷின் தோட்டத்தைச் சூடாக்குகிறது. குழாயைச் சுவரிலிருந்து கழற்றினேன். அதன் வாயில் பார்கவியின் பழைய நைலோன் காலுறையைக் கட்டி, நடைக்குள் திருப்பி வைத்தேன். துணி போடாமல் ஓட விட்டுப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் வீடு கதகதப்பாகிவிட்டது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. காஸ் குழாயையும் மெஷினில் நானே பொருத்தினேன். லைசன்ஸ்காரன் செய்ய வேண்டிய வேலையாம். ஒரு முறுக்காணியைத் திருக எனக்கு எவனும் தேவையில்லை.

அது என் பிழை. எரிந்த காற்றில் மணமில்லாத நஞ்சு ஒன்று இருக்கிறது. எனக்குப் பிறகுதான் தெரியும். நீங்கள் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். அந்தக் குழாயின் வாய்க்கும் பிள்ளை படுக்கிற அறைக் கதவுக்கும் இடையில் நாலடி.

திங்கட்கிழமை முதன்முதலாகத் துணி போட்டு ஓட விட்டேன். கால் மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் உருளை சுற்றுகிறது, துணி பச்சைத் தண்ணீர்போலக் குளிர்ந்து கிடக்கிறது. குனிந்து பார்த்தேன். வால்வின் கைப்பிடி குறுக்கே நின்றது. குழாயோடு நேராக நின்றால் திறப்பு, குறுக்கே நின்றால் மூடல். யாரோ மூடியிருக்கிறார்கள். அதோடு பின்கதவும் திறந்து கிடந்தது. மழை உள்ளே அடிக்கிறது.

"பார்கவி! நீயோ இதை மூடினது?"

"நான் ஏன் மாமா மூடுறன்? நான் சமைச்சுக்கொண்டு நிண்டனான், குசினியை விட்டு அசையேல்லை."

செவ்வாய்க்கிழமை இரண்டு முறை ஓட விட்டேன். இரண்டு முறையும் வால்வு மூடல். இரண்டு முறையும் பின்கதவு திறப்பு.

"எனக்குத் தலை இடிக்குது மாமா. இந்த மெஷின் வந்ததில இருந்து வயித்தைப் பிரட்டிச் சத்தி வாற மாதிரிக் கிடக்கு."

"உனக்கு ஃபோனைப் பாத்துப் பாத்துத் தலை இடிக்குது. பிடிக்காட்டி நேரா சொல்லு. ஒளிச்சு நிண்டு மூடாத."

பிரஷாந்தனுக்குச் சிரிப்பு. "அப்பா, அந்த மெஷினுக்கே உங்களைப் பிடிக்கேல்லை."

ஒன்றை மட்டும் நான் அவர்களிடம் சொல்லவில்லை. இரண்டாம் முறை வால்வைத் திறக்கக் கை வைத்தபோது கைப்பிடி ஈரமாக இருந்தது. பக்கத்துச் சுவரில் விரல் தடம். நாலு. சின்ன விரல்கள். பார்கவியின் கை என் கை அளவு.

துடைத்துவிட்டேன்.

புதன்கிழமை. பிரஷாந்தன் வேலையால் வர ஏழு மணியாகும். பார்கவி முதியோர் இல்லத்தில் வேலை, நாலரைக்கே போய்விட்டாள். பிள்ளை என் பொறுப்பு. பால் கொடுத்துப் படுக்க வைத்தேன். இன்றைக்கு மூட ஆளில்லை என்று தெரியும். ஆனாலும் கட்டுக்கம்பி எடுத்து, வால்வின் கைப்பிடியைக் குழாயோடு சேர்த்துக் கட்டினேன். குறட்டால் நாலு முறுக்கு. பின்கதவைப் பூட்டிச் சாவியைக் காற்சட்டைப் பையில் போட்டேன். நான் மனிதரையே நம்புகிறவன் இல்லை. வால்வை நம்புவேனா?

5.10. பொத்தானை அழுத்தினேன். டிக்... டிக்... டிக்... புஸ்.

அடியில் இருக்கிற ஓட்டையால் நெருப்பைப் பார்த்தேன். நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்தது. பழைய சாமான், அப்படித்தான் எரியும் என்று எழுந்துவிட்டேன்.

ஒரு கதிரையை இழுத்து, மெஷின் இருக்கிற அறை வாசலிலேயே போட்டு உட்கார்ந்தேன். வெளியே இருட்டிவிட்டது. மழை. உருளை சுற்றுகிற சத்தம். தொம்... தொம்... தொம்.

5.25. பிள்ளை சிணுங்கியது. எழும்ப நினைத்தேன். அதற்குள் சத்தம் நின்றுவிட்டது.

தூங்கிவிட்டாள். நல்லது என்று நினைத்தேன்.

5.31. நெற்றிக்குள் யாரோ ஆணி அறைகிறமாதிரி. கால் கனத்தது. வயது என்று நினைத்தேன்.

5.36.

கிரிக்.

சின்னச் சத்தம். மெஷினுக்குப் பின்னாலிருந்து. எலி என்று நினைத்தேன்.

கிரிக்... கிரிக்.

குனிந்து பார்த்தேன். கம்பி அவிழ்ந்துகொண்டிருந்தது. நான் முறுக்கியதற்கு எதிர்ப்பக்கமாக. மெதுவாக. ஒரு முறுக்கு. நின்றது. இன்னொரு முறுக்கு...

கையை வைத்துப் பிடித்தேன்.

கம்பிக்கும் என் கைக்கும் நடுவில் ஏதோ இருந்தது.

குளிர். ஈரம்.

"ஆர் நீ?" என்று கேட்டேன். சத்தமாகத்தான் கேட்டேன். "என்ர மெஷின். என்ர காசு. எடு கையை!"

கைப்பிடி திரும்பியது. நான் திருப்பினேன். அது திரும்பியது. நான் இரண்டு கையாலும் பிடித்தேன். சுமை தூக்கித் தூக்கி உரமேறின கை இது. அந்தச் சின்ன விரல்கள் என் விரல்களை ஒவ்வொன்றாகக் கிளப்பின.

விடவில்லை. வால்வைத் திறந்தபடியே பிடித்து வைத்திருந்தேன். நான்தான் வென்றேன்.

அப்போது அது கையை எடுத்தது.

5.41. அமைதி. தொம்... தொம்... தொம்.

பிறகு பின்னாலே பிள்ளை அழுதது.

அறையிலிருந்து அல்ல.

வெளியே. மழைக்குள்.

வீரிட்டு அழுதது. திரும்பிப் பார்த்தேன். பின்கதவு விரியத் திறந்து கிடந்தது. சாவி என் பையில்தான் இருந்தது. தொட்டுப் பார்த்தேன்.

"எடேய்! ஆர்ரா பிள்ளையைத் தூக்கினது!"

ஓட முடியவில்லை. சுவரைப் பிடித்துப் பிடித்து வெளியே வந்தேன். செருப்பில்லை. சத்தம் உடுப்புக் காயப்போடுகிற கொடிப் பக்கமாகக் கேட்டது. கொடிக்குக் கீழே. நிலத்திலிருந்து.

போய்க் குனிந்தேன்.

புல். ஈரம். வேறொன்றும் இல்லை.

அழுகை நின்றது.

மழை முகத்தில் அடித்தது. மூச்சு உள்ளே போகப் போகத் தலை கொஞ்சம் தெளிந்தது. நிமிர்ந்து வீட்டைப் பார்த்தேன். பிள்ளையின் அறையில் விளக்கு எரிந்தது. யன்னலால் தொட்டில் தெரிந்தது. தொட்டிலுக்குள் அக்ஷரா கிடந்தாள். நான் படுக்க வைத்தபடியே.

இவ்வளவு சத்தத்துக்கும் அசையாமல்.

உள்ளே போனேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு போனேன், ஏன் என்று தெரியாது. பிள்ளையைத் தூக்கினேன். தலை சரிந்தது. கன்னம் சிவந்திருந்தது, அழகாக, பூசினமாதிரி. வெளியே கொண்டுவந்து கொடிக்குக் கீழே நின்று முதுகில் தட்டினேன். ஒரு தட்டு. இரண்டு. மூன்று...

ஐந்தாவது தட்டில் இருமினாள்.

5.52 என்று ஃபோனில் இருக்கிறது, அம்புலன்ஸுக்கு நான் அடித்த நேரம். ஆதாரம் கேட்கிறவர்கள் அதைப் பார்க்கலாம்.

இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டாள். இன்னும் பத்து நிமிடம் போயிருந்தால் இரண்டு பேருமே இல்லை என்றார் டொக்டர். அந்த நஞ்சு மண்டைக்குள் ஏறினால் இல்லாத சத்தம் கேட்கும், இல்லாத ஆள் தெரியும் என்றும் சொன்னார். அது எனக்குப் போதும். நஞ்சு. வேறொன்றும் இல்லை.

பார்கவி என்னோடு கதைக்கவில்லை. அவளிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். அவ்வளவுதான் அதைப் பற்றி எழுதுவேன்.

பிரஷாந்தன் ஒரு லைசன்ஸ்காரனைக் கூட்டி வந்தான். வெள்ளைக்காரன். நடைக்குள் கிடந்த குழாயையும் காலுறையையும் பார்த்து என்னை ஏறிட்டான். அவன் பேசினது எனக்கு முழுக்க விளங்காதது நல்லது. பிறகு மெஷினுக்குப் பின்னால் குனிந்து ஏதோ கேட்டான். "வால்வை மூடினது ஆர் எண்டு கேக்கிறான் அப்பா" என்றான் மகன்.

கைப்பிடி குறுக்கே நின்றது. கட்டுக்கம்பி மெஷினுக்கு மேலே இருந்தது. ஒரு முறுக்கும் இல்லாமல், நீட்டி நிமிர்த்தி. நான் அதைத் தொடவில்லை.

"நான்தான்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பஸ் மாறிக் கிரான்பர்னுக்குப் போனேன். விக்னராஜாவைக் கண்டபடி பேசத்தான் போனேன். கதவைத் திறந்தான்.

"நீ வித்த மெஷின் என்ர பேத்தியைக் கொல்லப் பாத்தது."

அவன் முகத்தில் இரத்தம் இல்லை. "பிள்ளை?"

"இருக்கிறா."

படியிலேயே உட்கார்ந்துவிட்டான். பிறகு கேட்டான். "வால்வு மூடியிருந்ததோ அங்கிள்?"

வால்வைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"என்ர மனிசிக்குக் காஸ் எண்டால் பயம். நான் மெஷினைப் போட்டால் அவ வந்து மூடுவா. உடுப்புக் காயாது. ஒரு நாள் கோவத்தில கைப்பிடியைக் கழட்டி ஒளிச்சு வச்சிட்டன். வித்த அண்டைக்குத்தான் திரும்பப் போட்டனான்." தரையைப் பார்த்தே சொன்னான். "ரெண்டு வருசத்துக்கு முந்தி நடந்தது. வெளிக் குழாய் பஞ்சால அடைச்சுப் போயிருந்தது, நான் பாக்கேல்லை. மெஷின்ல பிழை இல்லை எண்டுதான் விசாரிக்க வந்தவை எழுதினவை. நான் நைட் ஷிஃப்ட் முடிஞ்சு நித்திரை. அவ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் வெளியில வச்சிருக்கிறா. மழைக்குள்ள. கொடிக்குக் கீழ."

பிறகு அவனே தொடர்ந்தான்.

"பிள்ளையோட அவவும் நிண்டிருக்கலாம். திரும்பி உள்ள வந்தவ. என்னை இழுக்க ஏலாது. வால்வை மூட வந்திருக்கிறா. கைப்பிடி இல்லை. வெறும் விரலால திருகியிருக்கிறா. நகம் ஒண்டும்..."

தன் விரல் நுனிகளைப் பார்த்தான்.

"மூடினவவோ?"

"மூடித்தான் இருந்தது அங்கிள். அதாலதான் நான் இருக்கிறன்."

உள்ளே ஒரு சின்னப் பெண் பிள்ளை கார்ட்டூன் பார்த்துச் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"எனக்குச் சொல்லியிருக்க வேணும்" என்றேன்.

"சொன்னால் வாங்கியிருப்பியளோ?"

"வாங்கியிருப்பன். குழாயை வெளியில விட்டிருப்பன்."

அவன் அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தான். "அங்கிள்... அவ இப்ப உங்கட வீட்டிலயோ?"

"என்ர வீட்டில நாலு பேர். நாலே பேர்தான். டொக்டர் சொன்னவர், அது நஞ்சு. உன்ர மனிசி நல்ல மனிசி. செத்தவை செத்தவைதான். போய்ப் பிள்ளையைப் பார்."

அவன் பின்னாலிருந்து ஏதோ கூப்பிட்டான். நான் நிற்கவில்லை. எனக்குப் பேயில் நம்பிக்கை இல்லை. பஸ் வர இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. மழைக்குள் நடந்தேன்.