சுப்பராமனின் தனிக்கொடி

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் சுப்பராமன் முதலில் அண்ணாந்து மின்விசிறியைப் பார்ப்பார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதென்று மனசுக்குள் கணக்குப் போட்டு, தம்மேல் பட்ட காற்று வேறு யார்மேலும் படாத இடமாகத் தேடி உட்காருவார். அது பெரும்பாலும் ஜன்னலடியாகத்தான் இருக்கும். "உள்ள வந்து உக்காருங்கோளேன்" என்று யாராவது கூப்பிட்டால், "இங்கனயே காத்து நன்னா வர்றது" என்று சமாளிப்பார். கம்பெனி பஸ்ஸிலும் அவருக்குக் கடைசி இருக்கைதான்.

விஷயம் வேறொன்றுமில்லை, தம்மேல் பூண்டு வாடை அடிக்கிறதோ என்று அவருக்குப் பயம். பூண்டே நுழையாத வீடு அவருடையது. தொண்ணூற்று மூன்றில் கங்கைகொண்டான் பக்கம் ஒரு பூச்சிமருந்துக் கம்பெனி திறந்தார்கள். அங்கே லேப் கெமிஸ்டாகச் சேர்ந்த நாள்முதல் ஒட்டிக்கொண்ட மருந்து வாடை அது.

ஒரு மருந்து தன்பாட்டுக்கு இருக்கையில் அதிலிருந்து எவ்வளவு ஆவி கிளம்பும், அதை மூச்சில் இழுப்பவனுக்கு ஆபத்து உண்டா என்று தெரிய, அதன் ஆவி அழுத்தத்தை அளந்தாக வேண்டும். அதுதான் அவர் வேலை. மருந்து பூசிய கண்ணாடி மணிகள் நிறைந்த குழாயை வெந்நீர்த் தொட்டியில் அமுக்கி, அதன் வழியே நைட்ரஜனை விடுவார். போகிற போக்கில் அந்த வாயு எவ்வளவு மருந்தைத் தூக்கிக்கொண்டு போகிறதென்று மறுமுனையில் பிடித்து அளப்பார். வாயுவை அவசரமாக விட்டால் இருப்பதைவிடக் குறைவாகக் காட்டிவிடும். அதனால், குழந்தைக்குச் சோறூட்டுகிறவர் மாதிரி, "பைய, பைய" என்று வால்விடமே பேசுவார்.

சாயங்காலம் லேப் குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு தேய்த்துக் குளிப்பார். வேறு சட்டை போட்டுக்கொண்டு, கழற்றியதைப் பாலித்தீன் பையில் சுருட்டி ஒளித்துக்கொள்வார். தச்சநல்லூர் வீட்டுக் கொல்லையில் அந்தச் சட்டைகளுக்கென்று தனி வாளி, தனிக் கொடி. பார்த்தவர்களெல்லாம், பிறர் கை படாமல் உலர்த்துகிற மடித்துணி என்று நினைத்தார்கள். "இந்தக் காலத்துலயும் மடிய விடாத மனுசர்" என்று தெருவில் பேச்சு. அவர் மனைவி சுப்புலக்ஷ்மி மறுக்கவில்லை. விளக்கப் போனால் விஷம் என்று சொல்ல வேண்டிவரும். வந்த புண்ணியம் வரட்டும் என்று பேசாமல் இருந்துவிட்டாள்.

இந்தக் கோடையில் கம்பெனி புது மருந்து ஒன்றைத் தயாரித்தது. அளந்து பார்த்தால் ஆவி அவ்வளவு சொற்பம். நம்பாமல் திரும்பவும் அளந்தார், அதேதான் வந்தது. 'மூச்சினால் ஆபத்து மிகக் குறைவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் டிரம்மில் மருந்து நிரப்பும் இஸ்ரவேல் வந்து, "சார், இது ஒண்ணும் செய்யாதுல்லா?" என்று கேட்டபோது, "ஆவியே கிடையாதுப்பா. ஒண்ணும் பண்ணாது" என்றார். முதலில் சொன்னதை அவர் அளந்திருந்தார். அடுத்ததை யாரும் அளக்கவில்லை. பக்கத்தில் மேனேஜர் நின்றுகொண்டிருந்தார், வாயில் வந்துவிட்டது. ஆவியாகிப் போகாத மருந்து துணியை விட்டும் லேசில் போகாது, தோல் வழியாக உள்ளே இறங்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். தெரியாமலா கொல்லையில் தனிக்கொடி கட்டினார்?

மகள் பார்கவியின் குழந்தைக்குத் தொட்டில் போட்ட அன்று, அடுத்த தெருக்காரன் என்ற முறையில் இஸ்ரவேலும் வந்திருந்தான். தான் வாங்கி வந்த கிலுகிலுப்பையைத் தொட்டில் கயிற்றில் அவனே கட்டினான். குழந்தை கைமாறிக் கைமாறி வந்துகொண்டிருந்தது.

"ஏன்னா, பேரனை வாங்கிக்கோங்கோளேன்" என்று சுப்புலக்ஷ்மி நீட்டினாள்.

குளித்துவிட்டுத்தான் வந்திருந்தார். ஆனாலும் ஜன்னல் பக்கம் நகர்ந்து, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "வேண்டாம்டி. கம்பெனிக் கை."

இஸ்ரவேல் சிரித்துவிட்டான். "என்ன சார் நீங்க? நான் டூட்டி முடிஞ்சு போன ஒடனே, சட்டையக்கூடக் கழத்தாம எம்புள்ளயத் தூக்கிருவேன். ஒண்ணும் பண்ணாதுன்னு நீங்கதான சொன்னிய?"

சுப்பராமனுக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. அவனைக் கொல்லைக்குக் கூட்டிப் போனார். கொடியில் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. இஸ்ரவேல் சட்டென்று பின்வாங்கினான். "மடித்துணில்லா சார்? நான் தொட்டுரக் கூடாது."

அந்த மரியாதையை அவரால் தாங்க முடியவில்லை. "மடி இல்லப்பா. கம்பெனிச் சட்டை. வீட்டுத் துணியோட சேரக்கூடாதுன்னு தனியா போடுதேன்."

இஸ்ரவேல் கொடியையும் தன் சட்டையையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்பம் எங்ககிட்ட ஏன் சார் சொல்லல?" என்றான். கோபப்பட்டுக் கேட்டிருந்தாலாவது தேவலை. உள்ளே போய்த் தொட்டிலில் கட்டிய கிலுகிலுப்பையை அவிழ்த்தான். "கழுவிட்டுக் கொண்டாறேன்மா" என்று சுப்புலக்ஷ்மியிடம் சொல்லிவிட்டு, சாப்பிடாமல் போய்விட்டான்.

மறுநாள் ஷிப்ட் முடிந்ததும் அவர் லேப் குளியலறைக்குப் போகவில்லை. டிரம் ஷெட்டுக்கு எதிரே உள்ள குழாயடிக்கு வந்தார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் அத்தனை பேரும் பார்க்க, மேனேஜர் அறை ஜன்னல் திறந்திருக்க, சட்டையைக் கழற்றினார். பூணூல் தொங்கும் வெற்றுடம்போடு குந்தி உட்கார்ந்து, விரலிடுக்கு, முழங்கை, கழுத்து என்று சோப்புப் போட்டார். சட்டையைப் பாலித்தீன் பையில் சுருட்டி முடிச்சுப் போட்டார்.

"ஆவி கிடையாதுதான்" என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி. "ஆனா தோல் வழியா இறங்கும். ஒண்ணும் பண்ணாதுன்னு நான் சொன்னது பொய்."

சுப்பராமன் எழுந்து இஸ்ரவேலின் பக்கம் திரும்பி, நுரை வழிகிற கையால் சோப்பை நீட்டினார். அவன் வாங்காமல் பார்த்துக்கொண்டே நின்றான். அவர் கையை இறக்கவில்லை.