வேலைக்குப் போன யாளித் தலை

விஜயராணிக்கு பஸ்ஸில் "இறங்கணும்" என்று சொல்லப் பயம். மன்னார்புரம் நிறுத்தத்தில் வேறு யாராவது இறங்கினால் அவர்கள் பின்னாலேயே இறங்கிவிடுவாள். யாரும் இறங்காத நாளில் அடுத்த நிறுத்தம் வரை போய்விட்டு, வெயிலில் திரும்பி நடந்து வருவாள். நான் குடியிருக்கும் வீட்டின் மாடிப் பகுதியில் ஏழு வருஷமாக இருக்கிறாள். வயது முப்பத்தைந்து. அவள்தான் ஒரு நாள், யாளி வேஷம் கட்டிக்கொண்டு மேடையேறப் போகிறேன் மாமி என்றாள். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

காஸ்ப்ளே என்று ஒன்று இருக்கிறதாம். கதையிலோ கேமிலோ சிற்பத்திலோ வரும் ஓர் உருவத்துக்கு, உச்சி முதல் உள்ளங்கால் வரை தன் கையாலேயே உடை செய்து, போட்டுக்கொண்டு ஊரார் முன்னால் நிற்பது. கன்டோன்மென்ட் பக்கம் ஒரு மண்டபத்தில் போட்டி நடக்கிறது என்று அவள் புருஷன் ரெங்கராஜ் எங்கிருந்தோ நோட்டீஸ் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். அவன் கைலாசபுரத்தில் ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவன், அதிகம் பேசமாட்டான். இவள் ஸ்ரீரங்கத்துக்குப் போய், தூண் யாளிகளுக்கு முன்னால் நாலு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நோட்டில் வரைந்தாள். நான் பிறந்து வளர்ந்தது ஸ்ரீரங்கம். அந்த யாளிகளை ஆயிரம் தரம் தாண்டிப் போயிருப்பேன், ஒன்றுக்கு எத்தனை பல் என்று பார்த்ததில்லை. இவள் பார்த்து எண்ணிக்கொண்டு வந்தாள்.

எதற்கடி இந்த வீண் வேலை என்று கேட்டேன்.

"முகம் உள்ள இருந்துச்சுன்னா எனக்குப் பயமே இருக்காது மாமி. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நான் பயப்படாம நாலு பேரு முன்னாடி நின்னு பாக்கணும்."

ஐந்து மாதம் செய்தாள். ஃபோம் ஷீட்டைச் செதில் செதிலாக வெட்டி, ஒவ்வொன்றையும் சூடு காட்டி வளைத்து, பழைய சுடிதார் ஒன்றின் மேல் கீழிருந்து மேலாக ஓடு வேய்வதுபோல் ஒட்டினாள். தேங்காய் நார்க் கயிற்றைப் பிரித்துச் சாயம் போட்டுப் பிடரி. வாலுக்குள் வளையும் குழாய். பற்களைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அவளுக்கு வேலை பல் செட் செய்யும் லேபில். ஊரில் பாதிக் கிழவர்கள் அவள் செய்த பல்லால்தான் முறுக்குக் கடிக்கிறார்கள். அதே பொருளில், அதே ரோஸ் நிற ஈறு வைத்து, யாளிக்கு மெழுகில் அச்செடுத்துப் பல் செய்தாள். கோரைப்பல் மட்டும் ஒரு சாண். செய்து முடித்த தலையைத் தூக்கிக் காட்டியபோது எனக்கு நெஞ்சு திக்கென்றது. பொம்மைக்குப் பொம்மைப் பல் இருந்தால் ஒன்றும் தோன்றாது. இதன் வாயில் இருந்தது மனுஷப் பல்.

இதற்குப் பிறகு நடந்ததற்கெல்லாம் மூல காரணம் நான்தான். தலைக்கு வார்னிஷ் அடித்தபோது அந்த வாடை என் அடுக்களை வரைக்கும் இறங்கியது. நான் மாடிப்படியில் நின்று, "தளிகை பண்ற எடத்துக்கே வரது இந்த நாத்தம். வேற எங்கயாவது கொண்டுபோய்க் காய வையேன்" என்று கத்தினேன். மொட்டை மாடியில் வைத்தால் வெயிலில் பெயின்ட் வெடிக்கும். பக்கத்து மனையில் பெரியண்ணன் என்பவர் வீடு கட்டிக்கொண்டிருந்தார். உப்பிலியபுரத்து விவசாயி. கீழ்த்தளம் முடிந்து மேலே சுவர் எழும்பியிருந்தது. அன்றைக்கு ஆள் யாரும் இல்லை. யாரிடமும் கேட்கப் பயந்து, கேட்காமலே கீழ் ஹாலில் ஒரு கம்பியில் தலையை மாட்டிவிட்டு வந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் தலை அங்கே இல்லை. வீட்டின் முன்பக்கம், மாடித் தூணின் உச்சியில் இருந்தது. கழுத்தில் சிவப்புத் துணி, பக்கத்தில் படிகாரம், எலுமிச்சையும் மிளகாயும். கட்டுகிற வீட்டுக்குக் கண் படாமல் தொங்கவிடும் திருஷ்டி பொம்மை என்று நினைத்துக் கட்டிவிட்டார்கள். பெரியண்ணன் வாங்கி வைத்திருக்கிறார் என்று கொத்தனார்கள் நினைத்தார்கள். கொத்தனார்கள் கொண்டுவந்தது என்று பெரியண்ணன் நினைத்தார். ஒருவரை ஒருவர் கேட்கவில்லை.

போய்க் கேள் என்றேன். நாளைக்கு என்றாள். அந்த நாளைக்குள்தான் சாரம் முறிந்தது. பூவரசன் என்கிற கொத்தனார் மாடி உயரத்திலிருந்து, கம்பிகள் குத்திட்டு நின்ற பக்கம் விழாமல், மணல் குவியலில் விழுந்தான். ஒரு சிராய்ப்புகூட இல்லை. எழுந்து உட்கார்ந்தவன் முதலில் அண்ணாந்து பார்த்தது அந்தத் தலையைத்தான். அன்று சாயங்காலம் அதற்குச் சூடம் காட்டினார்கள்.

அதற்குப் பிறகு விஜயராணிக்குச் சோறு இறங்கவில்லை. கழற்றினால் யாராவது விழுந்துவிடுவார்களோ என்று பயம். கழற்றாவிட்டால் முகத்தைக் காட்டிக்கொண்டு மேடையேற வேண்டும். இதெல்லாம் மூடநம்பிக்கை என்று சொல்லிப் பார்த்தேன். சொல்லிக்கொண்டே, அந்த வீட்டைத் தாண்டும்போது நானும் எட்ட நடந்தேன்.

போட்டி ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை மாலை, என் கையைப் பிடித்துக்கொண்டு பெரியண்ணனிடம் போனாள். நான் வாயைத் திறக்கப் போனபோது என் கையை அழுத்தினாள். தானே சொன்னாள், தட்டுத் தடுமாறி, முழுதும்.

பெரியண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உங்க பொருளும்மா, வேணாம்னு சொல்ல எனக்கு உரிமை இல்ல. எடுத்துக்கங்க. ஆனா நாளைக்குத் தளம் போடுறோம். முப்பது பேரு மேல ஏறுவாங்க." என்றார்.

அவர் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த மனுஷர், காலையில் வாங்க, ஏணி எடுத்து வைக்கிறேன் என்றார்.

ஞாயிறு காலை ஆறரைக்குப் போனோம். கலவை மிஷின் வந்து நின்றிருந்தது. ஜல்லி அள்ளும் பெண்கள் தலைக்குச் சும்மாடு சுற்றிக்கொண்டிருந்தார்கள். விஜயராணி ஏணியில் ஏறினாள். முடிச்சில் கை வைத்துவிட்டாள். அப்போது பூவரசன் வந்தான். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். தலையைப் பார்த்து இரண்டு கையாலும் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சாரத்தில் கால் வைத்தான். பின்னாலேயே மற்றவர்களும் ஒவ்வொருவராக அதையே செய்தார்கள்.

அவள் முடிச்சை அவிழ்க்கவில்லை. இழுத்துப் பார்த்து, இன்னொரு சுற்றுச் சுற்றி, இறுக்கிக் கட்டிவிட்டு இறங்கினாள்.

"என்னடி பண்ணிட்டு வந்தே?"

"வாங்க மாமி, நேரமாச்சு" என்றாள்.

மண்டபத்தில் ஏகப்பட்ட கூட்டம். இரும்புக் கவசம், இறக்கை, நீலத் தலைமுடி என்று விதவிதமாகப் பிள்ளைகள். எல்லாருக்கும் நடுவில், கழுத்துவரை யாளியாகவும் அதற்கு மேல் எண்ணெய் வைத்து வாரிய தலையோடு விஜயராணியாகவும் இவள். பேர் கூப்பிட்டதும் ஓடிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். ஓடட்டும், நானும் கூடவே ஓடிவிடுகிறேன் என்றுகூட நினைத்தேன். அவள் மேடை ஏறினாள். முன்வரிசையில் இருந்த எனக்கு அந்தச் செதில்கள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் கேட்டது. அவ்வளவு நடுக்கம்.

மைக் வைத்திருந்த பெண், உடை பிரமாதம், தலை எங்கே என்று கேட்டாள்.

நான் மனசுக்குள் ரங்கநாதனைக் கூப்பிட்டேன்.

"வேலைக்குப் போயிருக்கு" என்றாள்.

கூட்டம் சிரித்தது, கை தட்டியது. விளக்கிச் சொல்லுங்க என்றாள் மைக்குக்காரி. இவள் காதில் எதுவும் விழுந்ததாகத் தெரியவில்லை. விறுவிறுவென்று இறங்கி வந்து என் போனைப் பிடுங்கிப் பெரியண்ணனைக் கூப்பிட்டாள்.

"யாரும் விழலையே?"

இதுவரைக்கும் இல்லை, பாதிதான் ஆகியிருக்கிறது, இன்னும் மூன்று மணி நேரம் ஆகும் என்றார் அவர். அவ்வளவுதான். பரிசு சொல்லும்வரை இரு என்று நான் சொன்னதைக் கேட்கவில்லை. உடையைக்கூட மாற்றாமல் வாலைக் கையில் சுருட்டிக்கொண்டு ஆட்டோவில் ஏறிவிட்டாள்.

அந்த வீட்டுக்கு எதிரே, வேப்பமரத்தடியில் நின்றாள். தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. போனில் படம் எடுத்தார்கள், யாரோ விசில் அடித்தார்கள். பஸ்ஸில் வாய் திறக்காதவள், யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. மேலே தலை. கீழே உடம்பு. சாரத்தில் ஏறுகிற, இறங்குகிற ஒவ்வொரு காலையும் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். உட்காரடி என்றேன். உட்கார்ந்தால் செதில் பிய்ந்துவிடும் என்றாள்.

மூன்று மணிக்குத் தளம் முடிந்தது. கடைசியாகப் பூவரசன் இறங்கிவந்து செருப்பை மாட்டிக்கொண்டான். அதன் பிறகுதான் விஜயராணி மண்ணில் உட்கார்ந்தாள். ஐந்து மாதச் செதில்கள் இடுப்போடு பிய்ந்து சிதறின. அவள் என் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள்.