ஈனாக்கின் கால்கள்

ஹார்த்வெய்ட் நிலக்கரிச் சுரங்கத்தில் ஈனாக் சைக்ஸ் வாரிய கரி யாருக்கும் நினைவில்லை. அவன் ஓடிய ஓட்டம்தான் நினைவிருக்கிறது. ரக்பி திடலின் இடது ஓரம் அவனுடையது. ஓரத்தில் ஆடுகிறவனுக்குப் பாதி ஆட்டம் காத்திருப்பதுதான். நடுவில் இருப்பவர்கள் மனது வைத்தால்தான் பந்து வரும். வந்துவிட்டாலோ, அவனை எவனாலும் பிடிக்க முடியாது. ஐந்து வருடம் அப்படி ஓடிய பிறகுதான் கோப்பையின் இறுதியாட்டம் வாய்த்தது. அவனுக்கும் அதுதான் முதல் தடவை, ஊருக்கும்.

அந்தக் காலத்தில் ரக்பி ஆட்டங்களை நடத்திய வடக்கு யூனியனுக்கு ஒரு பிடிவாதம். ஆட்டத்தையே பிழைப்பாக வைத்துக்கொள்ளக் கூடாது. ஆடுகிற வாரத்தில் தன் வேலையைச் செய்யாதவன் திடலில் கால் வைக்க முடியாது. இது தெரியாதவன் ஊரில் கிடையாது. தெரிந்துதான் செய்தார்கள், பாசம் கண்ணை மறைத்துவிட்டது.

திங்கட்கிழமை காலை சுரங்க வாசலில் கூட்டாளி வில்ஃப் வழிமறித்தான்.

"வீட்டுக்குப் போடா. இந்த வாரம் உன் பங்க நாங்க வாரிக்கிறோம்."

"விதி இருக்குடா, வில்ஃப்."

"பெரிய விதி! யாரு வாரினான்னு கரி வந்து சொல்லப் போகுதா? அந்தக் காலு ரெண்டும் உன்னுது இல்ல, ஊருது. போய்ப் படு."

ஈனாக் மறுத்துப் பார்த்தான். சிரித்துக்கொண்டே எல்லோரும் சேர்ந்து அவனைத் திருப்பித் தள்ளினார்கள். வீட்டில் மனைவி மார்த்தா மாட்டுக்கறிச் சாறு காய்ச்சிக் கொடுத்தாள். காலில் தேய்க்க யாரோ வாத்துக் கொழுப்பு அனுப்பினார்கள். கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட அத்தனை உபசாரம் நடக்காது.

வெள்ளிக்கிழமை மாலை மதுக்கடையில் வில்ஃபுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"எங்க ஈனாக் இந்த வாரம் மண்வாரியத் தொடவே இல்ல, தெரியுமா? நாளைக்குப் பறப்பான் பாருங்க!"

பக்கத்து மேசையில் பீர் குடித்துக்கொண்டிருந்த வெளியூர்க்காரன் எதிரணியின் ஆள்.

மறுநாள் உடை மாற்றும் அறைக்கு யூனியன் அதிகாரி வந்தார். ஒரே கேள்வி.

"இந்த வாரம் சுரங்கத்துல இறங்குனியா, தம்பி?"

ஈனாக் தன் கைகளைப் பார்த்தான். நகக்கண்ணில்கூடக் கரி இல்லை.

"இல்லைங்க."

இடது ஓரத்தில் வேறொருவன் ஆட, ஈனாக் திடலின் எல்லைக் கயிற்றுக்கு இந்தப் பக்கம், சர்ச்சுக்குப் போடும் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையோடு நின்றான். பக்கத்தில் வில்ஃப் அழுதுகொண்டிருந்தான்.

"திட்டுடா. ஒரு அடியாவது அடிடா."

யாரை அடிப்பது? ஊரில் அவனுக்குக் கெடுதல் நினைத்தவன் ஒருவன்கூட இல்லையே. அதுதான் வயிற்றெரிச்சல்.

ஆட்டம் முடியும் நேரம். ஹார்த்வெய்ட் மூன்று புள்ளி பின்தங்கியிருந்தது. நடுவில் ஆடியவன் பழக்கதோஷத்தில், ஈனாக் இருப்பான் என்றே, பார்க்காமல் இடப்பக்கம் வீசினான். புதியவனுக்கு எட்டவில்லை. பந்து எல்லையைத் தாண்டி நேராக ஈனாக்கின் கைக்கு வந்தது.

"ஓடு ஈனாக்!" என்று கூட்டமே கத்தியது. பிறகுதான் நினைவு வந்து அடங்கியது.

எதிரணிப் பையன் ஒருவன் ஓடிவந்து கை நீட்டினான்.

"பந்தக் குடுங்கண்ணே."

கொடுத்தான்.

கோப்பை போய்விட்டது. திங்கட்கிழமை ஈனாக் சுரங்கத்தில் இறங்கித் தன் பங்கைத் தானே வாரினான். யாரும் வழிமறிக்கவில்லை, அதற்கப்புறம் ஒருநாளும்.