மடவை வலை கட்டிய ஜன்னல்

எந்த ஊரிலும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் நான் தங்கினதில்லை. அந்த வருடம் மீஞ்சூர் பக்கம் ஒரு கட்டடத்தில் சாரம் சரிந்து கால் முறிந்தது. மாவுக்கட்டோடு பழவேற்காட்டில் அக்கா வீட்டுக்கு வந்து படுத்தேன். வெளியே போகக் கூடாது. அங்கே இதே தண்டனையில் இன்னொரு உயிரும் இருந்தது. அக்காவின் சாம்பல் நிறப் பூனை.

வீட்டுக்குப் பின்னால் டச்சுக்காரர்கள் கல்லறை. மீன் ஏலம் முடிந்ததும் நாய்களெல்லாம் அங்கே வந்து கிடக்கும். ஓணான் பிடிக்கப் போன பழைய பூனைகள் அவற்றின் வாயில்தான் போயின. இதையாவது காப்பாற்ற வேண்டும் என்று அக்கா வெளியே விடுவதே இல்லை. கருவாடு விற்கக் கிளம்பும்போது கதவைச் சாத்திக்கொண்டே சொல்வாள்: "இத்த பாத்துக்கோ. வெளிய போச்சுன்னா நீயும் அது பின்னாலயே போயிடு."

ஜன்னல்தான் சிக்கல். கம்பிகளுக்கு நடுவே பூனை நுழைந்துவிடும். பலகையைச் சாத்தினால் புழுக்கம் தாங்காது. ஏரியில் மீன் பிடிக்கும் அக்கா வீட்டுக்காரர், மாமா, புது வலையில் ஒரு துண்டு வெட்டி ஜன்னலில் தொங்கவிட்டுக் கட்டினார்.

"காத்து வரும். பூனை போவாது."

பூனை கதவுக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டே இருக்கும். நான் துடைப்பக் குச்சியைக் கட்டுக்குள் விட்டுச் சொறிந்துகொண்டு, தெருவில் போகிற பஸ்களின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் மதியம் வெளிச்சுவரில் ஓணான் ஓடியது. பூனை பாய்ந்தது. தலை வலைக் கண்ணுக்குள் போய்விட்டது. பின்னால் இழுக்க இழுக்க வலை நரம்பு காதுக்குப் பின்னால் இறுகியது. நாக்கு வெளியே வந்தது. நான் உட்கார்ந்தபடியே தரையில் தேய்த்துக்கொண்டு போய், மீன் வெட்டும் கத்தியை எடுத்து அறுத்தேன். கையெல்லாம் பிறாண்டிவிட்டு அடுப்படியில் போய் ஒளிந்துகொண்டது.

சாயங்காலம் மாமா ஜன்னலைப் பார்த்தார். "புது வலைடா. இப்டி அறுத்து வச்சிருக்க."

"பூனை மாட்டிக்கிச்சு மாமா."

அக்கா கூடையை இறக்கினாள். "இது இன்னா வலை?"

"மடவை மீன் வலை."

"மடவைய இது இன்னா பண்ணும்?"

"தலைய உள்ள உடும். திரும்ப உடாது." சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. "மீனு செவுளுல மாட்டும். பூனைக்குத்தான் செவுளு இல்லியேன்னு…"

"காது இருக்குதில்ல. உனக்குத்தான் அது இருந்தும் பிரயோஜனம் இல்ல."

மறுநாள் நானே பலகைத் துண்டுகளைச் சட்டமாக அடித்து, பொடிக் கண் இறால் வலையைத் தொய்வில்லாமல் இழுத்து ஆணி அறைந்தேன். விரல்கூட நுழையவில்லை. பூனை நகம் போட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டது.

மாவுக்கட்டைப் பிரித்த அன்றே பையை எடுத்தேன். கதவைத் திறந்தால் எனக்கு முன்னால் பூனை வாசற்படியில் நிற்கிறது. காலால் உள்ளே தள்ளி, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். இழுத்துப் பார்த்தேன். கொஞ்ச தூரம் போய், திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்த்தேன். அது ஜன்னலுக்கு வந்து, வலைக்குப் பின்னால் உட்கார்ந்து கத்தியது. தெருமுனையில் பஸ் வந்துகொண்டிருந்தது.