முதல் சீவலில் விட்டுப்போன ஓரம்

2024 ஜூலை 9, செவ்வாய்க்கிழமை. ஐந்தரை மணிக்கு எழுந்து துணி காயப்போட்டேன். கணவருக்கும் எனக்கும் சோறு கட்டினேன். மம்பாவ் தாண்டி செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய எங்கள் தாமான் குடியிருப்பிலிருந்து, நீலாயில் இருக்கும் தோல் கிளினிக்குக்கு மோட்டாரில் போனேன். வழக்கம்போல் உறைகருவியின் குளிரைப் பார்த்து, சாயங்களை வடிகட்டி வைத்தேன். அதற்குப் பிறகு உட்கார முடியவில்லை.

தோல் புற்றுநோயை டாக்டர் அறுத்தெடுத்ததும், நோயாளி காத்திருக்க, அந்தத் துண்டை உறையவைத்து மெல்லிசாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டிக் கொடுப்பது எங்கள் வேலை. ஓரத்தில் நோய் தெரிந்தால் அந்த இடத்தில் மட்டும் இன்னொரு துண்டு எடுப்பார். பொது லேப்பில் இருபது வருஷம் இருந்துவிட்டு, நாற்பத்தேழு வயதில் இதற்கான சான்றிதழுக்குப் படிக்கிறேன். தேர்வாளர்களுக்கு அனுப்ப இன்னும் ஒரு கேஸ்தான் பாக்கி. வெள்ளிக்கிழமை கடைசி நாள். டாக்டர் அறுப்பதோ செவ்வாய் மட்டும். இன்றைக்கு விட்டால் அடுத்த வருஷம்தான்.

பகாவ் பக்கத்துத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் வந்திருந்தார். மூக்கோரம், கண்ணுக்குக் கீழே புற்று. கறுப்பாக இருந்ததால் மச்சம் என்று பல வருஷம் விட்டுவிட்டாராம். முதல் துண்டில் நோய் இருந்தது. இரண்டாவதையும் எடுத்தபின் கட்டோடு வெளியே உட்கார்ந்திருந்தார்.

“தங்கச்சி, என் மூக்க என்ன பண்றீங்க உள்ள? பொரிக்கிறீங்களா?”

“ஐஸ்ல வச்சிருக்கோம் ஐயா.”

“பத்திரம்லா. மிச்சம் இருந்தா திருப்பி ஒட்டணும்.”

“வாய மூடுங்க, தையல் பிரியப் போவுது,” என்றார் அவர் மனைவி.

“தையலே இன்னும் போடலடி.”

பழைய லேப்பில் முதல் சீவல்களைக் குப்பையில் போடுவோம். துண்டின் முகம் முழுதாகத் தெரியும்வரை சீவி, அழகானதை எடுப்போம். இங்கே முதல் சீவல்தான் டாக்டரின் கத்தி பட்ட இடம். அது சுத்தம் என்றால் நோய் முழுதும் வந்துவிட்டது; உள்ளே போகப்போக, எடுத்த நோயை நோக்கிப் போகிறோம். இதை எத்தனை முறை எழுதிப் படித்தாலும் என் கை அழகானதைத்தான் தேடுகிறது.

பெரியவரின் இரண்டாவது துண்டைச் சீவி, சாயம் ஏற்றிப் பார்த்தேன். முதல் சீவலில் கீழ்ப்பக்கம் தோல் மடங்கி, கொஞ்சம் ஓரம் விட்டுப்போயிருந்தது. ஐந்தாவது சீவல் தட்டுப்போல முழுதாக இருந்தது. ஆனால் அதன் மேல்பக்கம், கண்ணின் பக்கம், ஊதா நிறத்தில் நோய்த் திட்டு. முதல் சீவலில் அதே இடம் சுத்தம்.

எனக்குப் பயிற்சி தருகிற பெண் என்னைவிடப் பல வருஷம் இளையவள். தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

“அஞ்சாவது சூப்பர்லா அக்கா. பரீட்சைக்காரங்க மயங்கிடுவாங்க.”

“முதலாவதுதானே கேக்குறாங்க?”

“ஆமா. அங்க உக்காந்திருக்கவங்களுக்கு எது முதல்னு நீங்க எழுதுனாத்தான் தெரியும்.” சிரித்தாள்.

பென்சிலை எடுத்தேன். பரீட்சைக்குப் போகும் அதே கண்ணாடியைத்தான் டாக்டரும் பார்ப்பார். ஐந்தாவதில் ஒன்று என்று எழுதினால், பெரியவரின் கண்ணோரத்தில் கத்தி இன்னொரு முறை போகும். மடங்கியதில் ஒன்று என்று எழுதினேன். மற்றவற்றையும் வரிசையாக எழுதித் தட்டில் வைத்தேன்.

டாக்டர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான் சுத்தமாக இருந்த மேசையையே துடைத்துக்கொண்டிருந்தேன்.

“கீழ கொஞ்சம் விட்டுப்போச்சு. ரெண்டாவது சீவல்ல அந்த இடம் வந்திருக்கு, நோய் இல்ல. மேலயும் முதல்ல ஒண்ணும் இல்ல. தச்சிடலாம்.”

பெரியவர் மூக்கோடு வீட்டுக்குப் போனார். பயிற்சிப் பெண் கண்ணாடிகளைப் பெட்டியில் அடுக்கினாள்.

“ஓரம் விட்டுப்போனத அனுப்பினா திருப்பிடுவாங்க அக்கா.”

“தெரியும்.”

“அடுத்த வருஷம் பாஸ் அடிச்சிடலாம்லா.”

அவளுக்குச் சொல்வது சுலபம். சாயங்காலம் வீட்டு முன்வாசலை இரண்டு தடவை கூட்டினேன்.

புதன்கிழமை காலை முதல் வேலையாக பாசார் சந்தைக்குப் போய்க் கோழித் தோல் வாங்கினேன். சீவிப் பழகுவதற்குப் பன்றித் தோல்தான் நல்லது என்பார்கள். லேப்பில் மலாய் முஸ்லிம் தோழிகள் இருப்பதால் அதைக் கொண்டுவருவதில்லை. லேப்புக்கு மற்றவர்கள் வருமுன் ஒரு துண்டை வட்டமாக நறுக்கி, கண்ணாடியில் வைத்து, ஓரம் மடங்காமல் அழுத்த ஆரம்பித்தேன்.